கொய்யா ஜாடிக்குப் போர்த்திய கம்பளி

பிரான்சில் ஒரு மலையடிவாரத்தில், ஆப்பிளிலும் பிளம்ஸிலும் ஒயின் செய்யும் குடும்பத்திடம் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். கணவன், மனைவி, மகள், நான். அவ்வளவுதான் ஆட்கள். பனிக்காலத்தில் ஜாடி குளிர்ந்துவிட்டால் ஈஸ்ட் முடங்கிவிடும், நுரைப்பது நின்றுபோகும். அதனால் காலையில் எழுந்ததும் ஜாடிகளுக்குக் கம்பளி சுற்றுவதுதான் என் முதல் வேலை.

சொந்த ஊரான பாகூருக்குத் திரும்பி வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் குடும்பத்தாரோ, எப்போது திரும்பி வருகிறாய் என்று வாராவாரம் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொல்லையில் கொய்யா காய்த்துக் கொட்டியது. அதில் ஒயின் போட்டுப் பார்க்கிறேன், ருசி பிடிபட்டால் லைசென்சுக்கு எழுதிப்போட்டு இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

"ஒரே ஒரு ஜாடிதான். சரியா வந்தா இரு. வரலன்னா டிக்கெட் போட்டுக்கினு கெளம்பு. ரெண்டுங்கெட்டானா நின்னுக்கினு என் உசுர வாங்காத" என்றாள்.

கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியிருந்தது. ஜாடி நுரைக்க ஆரம்பித்ததும் குட்டி போட்ட பூனை மாதிரி அதையே சுற்றிச்சுற்றி வந்தேன். ஒரு விடியற்காலை ஈரக்காற்று சில்லென்று அடித்தது. என் கை தானாகப் பெட்டியைத் திறந்து, அங்கிருந்து கொண்டுவந்த கம்பளியை எடுத்து, ஜாடிக்கு இறுக்கிச் சுற்றிவிட்டது. பழக்கதோஷம். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மனைவிதான் அதைப் பார்த்தாள்.

"இன்னாயா இது, ஜாடிக்கு ஜுரமா?"

அவிழ்த்துத் தொட்டால் நிஜமாகவே சுட்டது. மூடியைத் திறந்ததும் காடி நெடி மூக்கைத் துளைத்தது. அவள் விரலால் தொட்டு நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள். நம் ஊர்ச் சூட்டுக்குக் கம்பளி போர்த்திய முட்டாள் உலகத்திலேயே நான் ஒருவன்தான். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. டிக்கெட் விலை பார்க்க போனைக் கையில் எடுத்தேன்.

அவள் கம்பளியை அலசிக் கொடியில் போட்டாள். மறுநாள் காய்ந்ததும் மடித்தாள். என் பெட்டிக்குள் வைக்கப்போகிறாள் என்று பயந்துகொண்டே பார்த்தேன். பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு கூடை கொய்யாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நறுக்கு."

"ஒரே ஜாடின்னு சொன்னியே?"

"நானா? எப்போ சொன்னேன்?"