சிமியோன் கண்ட இடம்மாறாத நெருப்பு

யாழ்ப்பாணக் கரையோரத்துப் பாசையூரில் சிமியோன் வீடு எது என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். புளுகுச் சிமியோன் என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கைகாட்டிவிடும்.

அந்தப் பட்டம் எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தோடு வந்தது. அதற்கு முன் அவர் சரக்குக் கப்பல்களின் எந்திர அறையில் எண்ணெய் விடுகிற வேலை பார்த்தார். விடுமுறையில் கொழும்பில் தங்கியிருந்த அறையைக் கொளுத்தினார்கள். கப்பல் பத்திரங்கள், படங்கள் எல்லாம் அதோடு போயின. அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது அவரிடம் உடுத்திருந்த சாரமும் வாய் நிறையக் கதையும்தான் மிச்சம். கதைக்குச் சாட்சி ஒன்றுமில்லை.

ரியூனியன் என்ற தீவுக்கு அருகால் கப்பல் போகையில், மலையிலிருந்து நெருப்புக் குழம்பு கடலுக்குள் வழிந்ததைக் கண்டேன் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் ஊரும் கேட்டுவிட்டுப் போயிருக்கும். மனுசன் நிறுத்தினால்தானே. கப்பலின் இரண்டாம் எஞ்சினியரான மலையாளி சொல்லிக் கொடுத்ததையும் சேர்த்து அவிழ்த்துவிட்டார். அந்தச் சூடு அந்தத் தீவுக்குச் சொந்தமில்லையாம். பூமிக்குள்ளே அடியாழத்தில், உருகிய இரும்பைச் சுற்றியுள்ள கல்லின் அடித்தட்டிலிருந்து சூடேறிய கல் மெல்ல மெல்ல மேலே ஏறி வருகிறதாம். அது நின்ற இடத்திலேயே நிற்க, கடலின் தரைதான் அதற்கு மேலாக, நகம் வளருகிற வேகத்தில் நகர்ந்து போகிறதாம். முன்னொரு காலத்தில் இந்தியாவே அதற்கு மேலாகப் போனதாம். பம்பாய்ப் பக்கத்துக் கருங்கல் அப்போது வழிந்ததாம். பிறகு மாலைதீவின் அடிமலைகள், கடைசியில் ரியூனியன். இவ்வளவு ஆழத்திலிருந்துதான் வருகிறதா என்று படித்தவர்களே இன்னும் தங்களுக்குள் அடிபடுகிறார்கள் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை.

"அப்ப மாலைதீவிலையிருந்து வாற மாசிக் கருவாடு, கீழையிருக்கிற நெருப்பிலை வெந்துதான் வருகுதாக்கும்" என்றான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவன். கரை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு ஒட்டிய பட்டம் ஒன்பது வருடமாகியும் கழலவில்லை.

சிமியோன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, மகளின் காரியம் வரும்வரை. தொண்ணூற்றிரண்டில் மகள் யோசப்பினுக்குக் குருநகரிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பையன் அடைக்கலம் நல்ல தொழிலாளி. பெட்டைக்கும் விருப்பம், பெடியனுக்கும் விருப்பம். பையனின் தாய் மதலேனம்மாதான் குறுக்கே நின்றாள். கடலுக்குப் போன புருசன் திரும்பி வராமல், உடலும் கிடைக்காமல், தனியே பிள்ளையை வளர்த்தவள். பேச்சில் வெட்டொன்று துண்டு இரண்டு.

"பெட்டை தங்கம். ஆனால் தேப்பன் சொல்லுறதிலை எதை நம்புறது? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு அந்த ஆளின்ரை சொல்லை வைச்சு நான் சபையிலை நிக்கேலுமோ?" என்று சொல்லியனுப்பினாள்.

சிமியோனின் மனைவி லூர்த்தம்மா அழாக்குறையாகக் கெஞ்சினாள். "இஞ்சருங்கோ, அதெல்லாம் பகிடிக்குச் சொன்னதெண்டு ஒருக்கால் சொல்லிவிடுங்கோ. பிள்ளையின்ரை வாழ்க்கை."

"கண்டதைக் காணேல்லை எண்டு சொன்னால்தான் அது புளுகு. நான் காட்டிப்போடுறன்" என்றார் சிமியோன்.

அடியாழத்துக் கல்லை எப்படிக் காட்டுவது? அவர் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்து ஒரு பக்கத்தை வெட்டித் திறந்தார். தகரத்தின் உயரந்தான் பூமியின் ஆழம். அடியில் ஜாம் போத்தல் விளக்கு. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் மருந்து போலத்தான் கிடைத்தது. போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரிப்பதுதான் அப்போது வீட்டுக்கு வீடு வெளிச்சம். விளக்குக்கு மேலே உடைந்த அரிக்கன் லாம்பின் சிம்னி. தகரத்தின் வாயில் இரண்டு சட்டங்களுக்கு மேலே ஒரு சன்னல் கண்ணாடி. அதுதான் கடலின் தரை. கண்ணாடியை ஒரே பக்கமாகத் தள்ளத் தள்ள, புகைக்கரி அதன் அடியில் பொட்டுப் பொட்டாக வரிசையாகப் பிடிக்க வேண்டும். தீவுகள் பிறந்த கதை அவ்வளவுதான்.

முதற் கண்ணாடி சூட்டில் வெடித்தது. அடுத்ததில் கரி பிடிக்கவேயில்லை. குண்டு விழுந்து சிதறிய வீடுகளில் கண்ணாடித் துண்டுக்குப் பஞ்சமா? தேடி எடுத்து வந்தார். லூர்த்தம்மா விளக்கு எண்ணெயை ஒளித்து வைத்தாள். அவர் இரவுச் சோற்றை இருட்டில் தின்று, தன் பங்கு எண்ணெயைத் தனியே வாங்கிக்கொண்டார். திரியைத் தடிப்பாக்கியதும் கரி பிடித்தது. மனுசன் பிடித்த பிடியை விடுகிற சாதியில்லை.

சுவாமியாரிடம் கேட்டு, கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்தபின் கோயில் மண்டபத்தில் தகரத்தை வைத்தார். மதலேனம்மாவுக்கும் சொல்லியனுப்பியிருந்தார். இங்கேதான் அவர் ஒன்றை யோசிக்காமல் விட்டார். கார்த்திகை, உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். பாவக்கடன் தீரும்வரை நெருப்பில் தவிக்கிற ஆத்துமாக்களுக்காக அந்த மாதம் முழுவதும் கரையோரச் சனம் செபிக்கும். அன்று பூசை முடிந்ததும் சனம் சேமக்காலைக்குப் போய், கல்லறைகளில் செபம் சொல்லி, கலங்கிய கண்ணோடுதான் மண்டபத்துக்குள் வந்தது. செபிக்கக் கல்லறையும் இல்லாத மதலேனம்மா எல்லோருக்கும் பின்னால் வந்தாள்.

சிமியோன் விளக்கைக் கொளுத்தி, கரி பிடித்ததும் கண்ணாடியை ஒரு விரற்கடை தள்ளினார். நெருப்புக்கு மேலே நின்ற கரிப்பொட்டு விலகி வெளிச்சத்துக்கு வந்தது. அவர் விளக்கம் சொல்ல வாய் திறக்குமுன் மதலேனம்மா முன்னுக்கு வந்து முழங்காலில் நின்றாள்.

"ஒரு ஆத்துமா கரையேறிட்டுது" என்றாள்.

பின்னாலே நின்ற பெண்களும் முழங்காலில் விழுந்தார்கள். செபமாலைகள் வெளியே வந்தன. "நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று மண்டபம் முழங்கியது. ஒன்பது வருடம் சிரித்த கரை அவருடைய தகரத்துக்கு முன்னால் கண்ணீர் விட்டது. மதலேனம்மா நிமிர்ந்து சிமியோனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முதன்முறையாக மரியாதை இருந்தது.

"சிமியோன், இன்னொருக்கால் தள்ளு. அடுத்தது என்ரை மனுசன்" என்றாள்.

லூர்த்தம்மா மூலையில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள், வாயைத் திறக்காதே என்று. திறக்காவிட்டால் கலியாணம் முடிந்தது. சிமியோனுக்கு அது விளங்கவில்லை என்று நினைக்கவேண்டாம். நன்றாக விளங்கியது. அவர் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தார். அந்த மனுசியின் மனத்தை முறிக்க அவருக்குத் துணிவு வரவில்லை. ஆனால் அவளுடைய புருசனை வைத்துப் புளுகவும் துணிவு வரவில்லை.

"இல்லை மதலேனாக்கா. உது உத்தரிக்கிற தலமில்லை. உது கல்லு. கடலுக்குக் கீழை, எங்களுக்கு எட்டாத ஆழத்திலை சுடுகிற கல்லு. கடலுக்குப் போன அண்ணையைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. தெரியுமெண்டு நான் சொல்லமாட்டன்."

மதலேனம்மா எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, வெளியே போனாள். சனமும் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. லூர்த்தம்மா அன்று வீட்டில் உலை வைக்கவில்லை. யோசப்பின் மட்டும் வந்து, அப்பாவின் கரிபிடித்த கைகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். சிமியோன் தலையைக் குனிந்தபடியே இருந்தார். மகளின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

அடுத்த நாள் காலை வாசற் படலை திறந்தது. மதலேனம்மா கையில் வாழைப்பழச் சீப்போடும் பலகாரப் பெட்டியோடும் நின்றாள். சம்பந்தம் பேச வருகிறவர்கள்தான் அப்படி வருவார்கள். லூர்த்தம்மா பாய் விரிக்கவும் மறந்து நின்றாள்.

"ராத்திரி முழுக்க யோசிச்சனான். புளுகனெண்டால் நேற்று ஓமெண்டு சொல்லியிருப்பான். சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பன்" என்றாள் மதலேனம்மா.

பெட்டியை லூர்த்தம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, மூலையில் கிடந்த தகரத்துக்குப் பக்கத்தில் போய் நிலத்தில் இருந்தாள்.

"கொளுத்து சிமியோன். என்ரை மனுசனுக்குச் செபமாலை நான் சொல்லிக்கொள்ளுறன். நீ உந்தக் கல்லைக் காட்டு."