லெந்தில் குடித்த டீ

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் விரதமான லெந்துக்கு, இந்த வருஷம் செல்போனை விடப்போவதாக என் மகள் அறிவித்தாள். விடுவது என்றால் அடியோடு அல்ல. வாட்ஸ்அப் உண்டு, படம் பார்ப்பது மட்டும் கிடையாது. நான் சிரிக்கவில்லை. எந்த வாயால் சிரிப்பது? எங்கள் வீட்டில் நடக்காத பேரமா!

குன்னூரை அடுத்த ஜெகதளா பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் அப்பா டீ மேக்கராக இருந்தார். லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரமே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும், இந்த வருஷம் யார் எதை விடுவது என்று. அதற்கு ஒரு வரிசை இருந்தது. சின்னப் பிள்ளைகள் மிட்டாயை விடுவார்கள். கொஞ்சம் வளர்ந்தால் முட்டை, பிறகு கறி மீன். பெரியவர்கள் காலைச் சாப்பாட்டையே விடுவார்கள். விசுவாசத்தில் வளர வேண்டும் என்று ஞாயிறு பள்ளியில் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன். வயசு ஏற ஏற, விடுகிற பொருளும் பெரிதாகும். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் பரிசுத்தவான். இதில் என்ன குழப்பம் இருக்கிறது?

இந்தக் கணக்கில் அப்பாவை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு கல்யாணச் சாப்பாட்டையே விட்டவர் அவர்.

அது பெரியப்பா மகளின் கல்யாணம். அந்த அக்கா குன்னூரில் காலேஜ் படித்த வருஷமெல்லாம் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அம்மாதான் தலை பின்னிவிடுவாள். பவர் ஹவுஸில் வேலை பார்த்த ஒரு பையனை அவள் விரும்பினாள். கோயம்புத்தூர்ப் பக்கத்து இந்துக் குடும்பம். பெரியப்பா சம்மதித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் பந்தி. தாலி கட்டும்வரை வாயை மூடிக்கொண்டிருந்த அப்பா, இலை போட்டுச் சோறு விழுந்த பிறகு எழுந்துவிட்டார். ஒரு கையால் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தார். பாயச வாளி எங்கள் இலைக்கு இன்னும் இரண்டு ஆள் தள்ளி வந்துகொண்டிருந்தது. நான் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கை நனைக்காமல் போனவர் என்று பெரியப்பா வீட்டில் பேச்சை முறித்துக்கொண்டார்கள். எங்கள் சபையிலோ அப்பாவுக்கு மரியாதை கூடியது. விசுவாசத்துக்காகச் சொந்த அண்ணனையே விட்டவர் என்று ஜெபக் கூட்டத்தில் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வர்க்கியை விட்டேன். மலைக் குளிரில் டீயில் முக்கித் தின்னும் மொறுமொறு வர்க்கியை விடுவது லேசுப்பட்ட காரியமா? ஆனால் என் தியாகத்தை யாரும் கவனிக்கவில்லை. அப்பா டீயையே விட்டுவிட்டார்.

"டீ மேக்கரு டீயை விடறதுங்கிறது, தவளை தண்ணிய விட்ட கதையாட்ட இருக்குதுங்க" என்றாள் அம்மா.

"நாக்கு கம்பெனிக்கு, தொண்டை கர்த்தருக்கு" என்றார் அப்பா.

ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது அதன் அர்த்தம் தெரிந்தது. மேசையில் வரிசையாகக் கிண்ணங்கள். அப்பா ஸ்பூனில் எடுத்து ஊரே கேட்கிற மாதிரி சர்ரென்று உறிஞ்சுவார், வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றுவார், பக்கத்தில் இருந்த வாளியில் துப்புவார். அது அவர் வேலை. துப்பினால் சரி, விழுங்கினால் பாவம். அப்படியானால் நானும் வர்க்கியை மென்றுவிட்டுத் துப்பலாமா என்று கேட்டேன். முறைத்தார்.

லெந்து பாதி போயிருக்கும். ஒரு சனிக்கிழமை திடீரென்று, "கிளம்பு அம்மிணி, மஞ்சூருக்குப் போய்ட்டு வரலாம்" என்றார். மஞ்சூரில்தான் பெரியப்பா வீடு. அக்கா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து குழந்தை பெற்றிருந்தாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தம்பிக்குக் காய்ச்சல், அம்மா வர முடியவில்லை. ஏன் போகிறோம் என்று அம்மாவும் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. அம்மா ஓடிப்போய்ப் புதுத் துண்டு ஒன்றை எடுத்துவந்து, குழந்தைக்கு என்று என் பையில் திணித்தாள். பஸ் வளைவுக்கு வளைவு என் குடலைப் புரட்டியது. அப்பா எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் பிடித்துக்கொண்டே வந்தார்.

பெரியப்பா கதவைத் திறந்தார். "வா" என்றார். அவ்வளவுதான். முன்னறையில் உட்கார்ந்தோம். சுவரில் இயேசு படம், அதற்குக் கீழே தொட்டிலில் குழந்தை, குழந்தை நெற்றியில் திருநீறு. எனக்குப் பக்கென்றது. அப்பா இப்போது எழுந்துவிடுவார் என்று நான் செருப்பைக்கூடத் தேடி வைத்துக்கொண்டேன். அவர் எழவில்லை.

அக்கா உள்ளேயிருந்து தட்டோடு வந்தாள். டம்ளர்களில் டீ, ஒரு தட்டு நிறைய வர்க்கி. முதலில் என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு வேண்டாங்கக்கா, லெந்து" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். சாட்சி சொல்லும் ஆர்வம் யாரை விட்டது? "அப்பாவும் குடிக்க மாட்டாருங்க. டீயை விட்டுட்டாரு."

அக்காவின் கை அப்படியே நின்றது. முகம் சுண்டிப்போயிற்று. கதவோரம் நின்றிருந்த பெரியம்மா தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்: "ஏனுங்க தம்பி, எங்க ஊட்டுல கை நனைக்கக் கூடாதுன்னா நேராச் சொல்லீருங்க. லெந்து மேல ஏனுங்க பழி போடறீங்க?"

பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. நான் பொய் சொல்லவில்லையே!

அப்பா கையை நீட்டி டம்ளரை எடுத்தார். எப்போதும்போல சர்ரென்று உறிஞ்சினார். எங்கே துப்பப்போகிறார் என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். வாளி எதுவும் இல்லை. அவர் துப்பவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. அடுத்த மடக்கு, அதற்கடுத்த மடக்கு. டம்ளர் காலியானதும் அக்காவைப் பார்த்து, "இன்னொண்ணு குடு கண்ணு" என்றார். கேட்டதோடு நில்லாமல், நான் வேண்டாமென்ற தட்டிலிருந்து ஒரு வர்க்கியையும் எடுத்தார்.

அக்கா உள்ளே போனாள். வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்றாள். கேஸ் அடுப்பில் ஏது புகை?

இரண்டாவது டம்ளரைக் குடிக்கும்போது பெரியப்பா வாயைத் திறந்தார். "பெரிய டீ மேக்கராச்சே, இது எந்த ஃபேக்டரித் தூளுன்னு சொல்லு பாக்கலாம்."

"தூளா இது? ராத்திரி ஷிஃப்டு முடிஞ்சு தரையக் கூட்டி அள்ளுனதுங்கண்ணா" என்றார் அப்பா.

பெரியப்பா முதுகு குலுங்கச் சிரித்தார். பெரியம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மத்தியானம் சோறும் ஆயிற்று. கிளம்பும்முன் அப்பா குழந்தையைத் துண்டோடு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்தத் திருநீறு அவர் சட்டையில் ஒட்டியது. தட்டிவிடக்கூட இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "அப்பா, லெந்து?"

"தெரியும் அம்மிணி" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் ஓடினேன். அப்பா முகம் கழுவப் போயிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டுவாள், இல்லை, தலையில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தம்பியின் போர்வையைக் கையில் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"முழுசாக் குடிச்சாரா?"

"முழுசாங்கம்மா. ரெண்டு டம்ளர். வர்க்கி வேற!"

"அவ கையாலயா குடுத்தா?"

"ஆமாங்கம்மா."

"ஸ்தோத்திரம்" என்றாள் அம்மா. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று திரும்பவும் சொன்னாள்.

எனக்குத் தலை சுற்றியது. பந்தியிலிருந்து எழுந்து வந்தபோது சபையே மெச்சியது, அம்மா வாயைத் திறக்கவில்லை. இப்போது விரதம் முறிந்து கிடக்கிறது, ஸ்தோத்திரம் சொல்கிறாள். இந்த வீட்டில் யாருக்காவது புத்தி சரியாக இருக்கிறதா? படுக்கும்முன் போர்வைக்குள் முழங்காலிட்டு நானே ஜெபித்தேன்: ஆண்டவரே, அப்பா குடித்த ரெண்டு டம்ளர் டீயையும் மன்னியும், அதற்கு அம்மா சொன்ன ஸ்தோத்திரத்தையும் மன்னியும்.

மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காததுபோல அப்பா வெறும் வெந்நீர் குடித்தார். ஈஸ்டர்வரை அப்படியேதான். அதை விரதம் என்று நான் ஏற்கவில்லை. அந்த லெந்தை எங்கள் வீட்டில் ஒழுங்காக முடித்தது நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.