ஐஸில் ஒரு சாந்துப் பொட்டு

ஆக்லாந்தில் மழைக்கு ஒதுங்கிய இடம் ஐஸ் சறுக்கு அரங்கமாக இருக்கிறது. வெளியைவிட உள்ளேதான் குளிர். தடுப்புக் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி இங்கே எப்படி வந்தது?

"என் மகளோடது," என்கிறார் பக்கத்தில் கேசட் பிளேயரோடு நிற்கும் பெண். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மகள் சுபா அடுத்த வாரம் முதல் தடவையாக மலேசியாவுக்காகப் போட்டியில் சறுக்கப் போகிறாள். "எங்க ஊர்ல ஐஸ்னா தண்ணியில போட்டுக் குடிக்கத்தான்! பொட்டோட ஆடணும்னு இவளுக்கு ஆசை. சுத்துறப்ப பறந்துடுது லா. ஐஸ்ல எது விழுந்தாலும் மார்க்க வெட்டிடுவாங்க."

"சாந்து வச்சுப் பாத்தீங்களா?" என்கிறேன். மதுரையில் வாங்கிய குப்பி என் கைப்பையிலேயே இருக்கிறது.

ஐஸில் பழகிக்கொண்டிருந்த சுபா தடுப்பருகே வந்து நெற்றியை நீட்டுகிறாள். "வில் இட் ஸ்டே, ஆன்ட்டி?"

பொட்டு வைத்து, ஊதிக் காயவைக்கிறேன். அவள் அம்மா கேசட்டில் பாட்டைப் போடுகிறார். சுபா பம்பரமாகச் சுற்றுகிறாள், எம்பிக் குதிக்கிறாள், தொப்பென்று விழுகிறாள். விழுந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டே வந்து எங்கள் தடுப்பில் மோதி நிற்கிறாள்.

"அடி பட்டுச்சா?" என்று அம்மா எட்டிப் பார்க்கிறார்.

இதுவரை இங்கிலீஷே பேசிய சுபா, எழுந்து கண்ணாடியில் நெற்றியைப் பார்த்துவிட்டு அரங்கமே அதிரக் கத்துகிறாள்:

"அம்மா, பொட்டு விழல!"