கழுவி வைத்த வீடு

வெள்ளம் புகுந்த வீடுகளை, வெள்ளமே புகவில்லை என்று எழுதிக் கொடுத்தவன் நான். கைதவறி அல்ல. தெரிந்தே எழுதினேன்.

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்வது எளிது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்... அப்படி ஒன்றும் எளிதாக இல்லை.

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் நான் கிராம உதவியாளன். போன வருடம் மார்கழியில் எங்கள் குளம் உடைந்தது. எந்தெந்த வீட்டில் தண்ணீர் நின்றது என்று பார்த்துப் பட்டியல் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சுவரில் தண்ணீர்க் கறை இருக்க வேண்டும், அதைப் போட்டோ எடுக்க வேண்டும். கறை இருந்தால்தான் நிவாரணம்.

என் அண்ணன் வயல்காரர். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏலே, மொதல்ல நம்ம தெருவ முடி. பட்டியல் நீண்டுச்சுன்னா மேல உள்ளவன் வெட்டிருவான். கீழத்தெருவ பெறவு பாத்துக்கிடலாம்."

கீழத்தெரு முஸ்லிம்கள் இருக்கும் தெரு. பள்ளம். தண்ணீர் முதலில் புகுந்ததும் அங்கேதான், கடைசியில் வடிந்ததும் அங்கேதான்.

எங்கள் தெருவில் வீடு வீடாக ஓடினேன். "எதையும் தொடாதீக! நான் போட்டோ எடுக்கது வரைக்கும் சேறு அப்படியே கெடக்கட்டும்" என்று சொன்னேன். அண்ணனின் மாட்டுக்கொட்டகைகூட வீடாகிப் பட்டியலில் ஏறியது.

கீழத்தெருவுக்கு என்ன சொல்லி அனுப்பினேன் தெரியுமா? பள்ளிவாசல் மைக்கில் அறிவிக்கச் சொன்னேன்: "புதன்கிழமை ஆபீஸ்ல இருந்து பார்க்க வாராங்க. வீட்டைச் சுத்தமா வச்சிருங்க."

இதில் பொய் ஒரு சொல்லும் இல்லை, பாருங்கள்! ஆனால் வெளியாள் வருகிறார் என்றால் கழுவி விடாத வீடு எங்கள் பக்கம் உண்டா? எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் அனுப்பினேன்...

புதன்கிழமை போனேன். தெருவே பளிச்சென்று இருந்தது. ஒரு வீட்டில் மும்தாஜ் என்ற பெண், கைக்குழந்தையோடு இருந்தாள். நைட்டி தைத்துப் பிழைப்பவள். புருஷன் கேரளாவில் கூலி வேலை. மார்பளவுத் தண்ணீர் நின்ற மண்சுவரைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. சுவத்துல சாயாதீக, சட்டையில ஒட்டிரும்."

டீ கொடுத்தாள். குடித்தேன்.

"பின்சுவரு ஊறிக் கெடக்கு அண்ணாச்சி. பணம் வந்தா செங்கல் வச்சுக் கெட்டிருவேன். பிள்ளைய அங்கனதான் படுக்கப் போடுதேன்" என்றாள்.

அந்தச் சுவரை விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போனது! அந்த ஈரம் பட்ட கையாலேயே எழுதினேன்: 'தண்ணீர் நின்ற அடையாளம் இல்லை.' அவளுக்கு மட்டுமா? அந்தத் தெரு முழுவதற்கும் அதே வரிதான். ஏன் எழுதினேன்? அண்ணனுக்குப் பயந்தா? இல்லை... எங்கள் ஆட்களுக்குக் குறைந்துவிடக் கூடாது என்ற எண்ணம் எனக்கே இருந்தது. அண்ணன் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க நான் இங்கே வரவில்லை.

அடுத்த மழைக்கே அவளுடைய பின்சுவர் விழுந்தது. தையல் மிஷின் நசுங்கிப் போனது. குழந்தை அன்று பாட்டி வீட்டில் இருந்தது. அதுவும் அங்கே இருந்திருந்தால்... அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து மனுவோடு அலுவலகத்துக்கு வந்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவளோ நிதானமாகச் சொன்னாள்:

"தப்பு எங்க மேலதான் அண்ணாச்சி. கழுவாம விட்டிருக்கணும். கண்ணுக்குத் தெரிஞ்சதத்தான நீங்க எழுத முடியும்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் நான் சொன்னது என்ன தெரியுமா?

"ஆமாம்மா. இனிமேலாவது கழுவாம வச்சிருங்க."

தலையாட்டிவிட்டுப் போனாள். இப்போது அடுத்தவர் மிஷினில் கூலிக்குத் தைக்கிறாள். வழியில் பார்த்தால் "சொகமா அண்ணாச்சி?" என்று கேட்கிறாள். திட்டினால் எவ்வளவோ நன்றாக இருக்கும்!

இந்த வருடமும் மழை பெய்தது. கீழத்தெருவில் முழங்கால் அளவுதான் தண்ணீர். சின்ன மழை, அதனால் பட்டியல் எடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு எதுவும் வரவில்லை. வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். தண்ணீர் வடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஒரு வீட்டிலும் சேற்றை அள்ளவில்லை. ஈரப் பாயை நனைந்த தரையிலேயே போட்டிருந்தார்கள். குழந்தைகள் அதில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

மும்தாஜ் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியே வச்சிருக்கோம் அண்ணாச்சி. ஒருத்தரும் கைய வைக்கல. உள்ள வந்து பாருங்க."

நான் உள்ளே போகவில்லை.