காற்றில் அடித்த மணி

என் கணவருக்கு இனிப்புநீர் வியாதி. ஆனால் தேக்கா கடைத்தெருப் பக்கம் போனால் ஜிலேபி வாங்காமல் திரும்பமாட்டார். அதை அவர் ஒளித்து வைத்த இடம், எங்கள் செம்பவாங் வீட்டுக் கூடத்தில் இருந்த அவர் அப்பாவின் இரும்புப் பெட்டி.

சுற்றிலும் இரும்புப் பட்டை, வரிசையாகக் குமிழ் ஆணிகள், முன்னால் ஒரு பித்தளைத் தாமரை. தாமரையை ஒதுக்கினால்தான் சாவித் துளை தெரியும். சாவியைத் திருப்பினால் மூடிக்குள் ஒரு மணி அடிக்கும். திருடனைப் பிடிக்க வைத்த மணி. எங்கள் வீட்டில் அதில் மாட்டிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

"என்னங்க, அங்க என்ன மணி?" என்று சமையலறையிலிருந்து கேட்பேன்.

"காத்துல அடிக்குதுமா."

"காத்துதான் சாவி போட்டுத் திருப்புதா?"

வாயில் இருப்பதை மென்றபடியே சிரிப்பார்.

கால் விரல் ஒன்றை எடுத்த பிறகு, "இனிமே தொடமாட்டேன்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அதற்குப் பிறகு மணி அடிக்கவே இல்லை. சமைத்துக்கொண்டே காதை அங்கேயே வைத்திருப்பேன். சத்தம் வராத ஒவ்வொரு நாளும் எனக்குச் சந்தோஷம். சர்க்கரை மட்டும் குறையவில்லை. இனிப்புச் சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். வெளியாட்களிடம் வாய் திறக்காத நான், "அவர் தொடறதே இல்ல டாக்டர்" என்று சத்தமாகச் சொன்னேன். அவர் என் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அவர் போன பின் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "கடைசியில என் பேச்சைக் கேட்டாரு" என்றுதான் சொன்னேன். அதை வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

போன மாதம் மகன் என்னை உட்லண்ட்ஸில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டான். அங்கே பெட்டிக்கு இடமில்லை. பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் வந்தார். அதுவரை நான் தொடாத சாவியைக் கொடுத்தேன். திருப்பினார். சத்தமே இல்லை.

"மணி இருக்கணுமே அக்கா."

"துருப் பிடிச்சிருக்கும் தம்பி."

மூடியைத் தூக்கி, கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தார். மணியைச் சுற்றி ஒரு துணி இறுக்கிக் கட்டியிருந்தது. என் பழைய நீலப் புடவையின் கிழிசல். கீழே ஜிலேபி வாங்கிய அட்டைப்பெட்டிகள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி. எறும்பு ஊர்ந்தது.

"அப்பா பலே ஆளு லா!" என்று மகன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

வந்தவருக்குத் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் சமையலறைக்குள் போய்விட்டேன். குழாயைத் திறந்து, குவளை நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே சாமான் வாங்க வந்தவர் துணியை அவிழ்த்திருக்க வேண்டும். சாவி திரும்பியது. மணி அடித்தது, பழையபடி, கணீரென்று.

"என்னங்க, அங்க என்ன மணி?"

என் வாய்தான் கேட்டது. குழாயை மூடிவிட்டு, அந்தப் பொய்க்காகக் காத்து நின்றேன்.