கயிறு இழுத்த பெரியதம்பி

பெரியதம்பி செத்த செய்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது காலை ஆறேகால் மணி. 1966, புரட்டாசி மாதம். முந்தின நாள் சதுர்த்தசி. அன்றைய உபவாசத்தை முடிப்பதற்காக அண்ணன் சம்பவநாதன் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்றிருந்தார். வல்லத்து நிலக்காரர் அரங்கநாதனின் வண்டிக்காரன் வாசலுக்கு வெளியே நின்றபடியே சொன்னான்.

"மல்லாட்டக் கொல்லையில துப்பாக்கி வெடிச்சிப்போச்சுங்க. பெரியதம்பி மூஞ்சியே இல்ல. ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கினு வர வழியிலயே முடிஞ்சிப்போச்சு."

"எந்தத் துப்பாக்கி?" என்றுதான் அண்ணன் முதலில் கேட்டார்.

பதிலுக்குக் காத்திராமல் பட்டறைக்குள் போனார். சுவரோரம் துப்பாக்கி வைத்திருந்த இடம் காலியாக இருந்தது.

அண்ணனுக்குச் செஞ்சிக் கடைத்தெருவில், எங்கள் வீட்டு முன்கட்டிலேயே லேத்துப் பட்டறை. ஆயில் இன்ஜின் வேலைதான் அதிகம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராணுவப் பட்டறையில் இருந்தவர் என்பதால் துப்பாக்கி பழுதுபார்க்கவும் உரிமம் வாங்கியிருந்தார். ஆயுதத் தொழில் எங்கள் ஜைனக் குடும்பங்களுக்கு ஆகாது. உறவுக்காரர்கள் பாதிப்பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அம்மா மட்டும் கடைசியில் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தாள்: பழுது பார்க்கலாம், சுடக் கூடாது. அண்ணன் அதை ஒருநாளும் மீறவில்லை.

ஆனால் பழுதுபார்த்த துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துத்தான் ஆகவேண்டும். அதற்குத்தான் பெரியதம்பி.

வல்லம் சாலையில் ஓலைக் குடிசை. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அதே யுத்தத்தில் அஸ்ஸாம் எல்லை வரை போய்த் துப்பாக்கி பிடித்துவிட்டு வந்தவர். வந்த பிறகு அரங்கநாதனின் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, பன்றிக் காவல். அரங்கநாதனின் துப்பாக்கி உரிமத்தில் காவலாள் என்று இவர் பேரும் உண்டு. அண்ணன் கூப்பிட்டால் வந்து, துப்பாக்கியைச் சந்திரகிரி அடிவாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார். பழைய லாரி டயரில் கட்டி, விசையில் கயிறு மாட்டி, பாறைக்குப் பின்னால் படுத்து இழுப்பார். மூன்று வெடி. சத்தத்தை வைத்தே வேலை சரியா தப்பா என்று சொல்லிவிடுவார். அண்ணன் பட்டறையிலேயே இருப்பார்.

"நயினாரே, கயித்த இழுத்தா பாவம் எனக்கு. மரை வெட்னா புண்ணியம் உங்களுக்கா? இன்னா கணக்கு இது?"

"போடா. போய்ச் சாப்புடு, பொழுது சாயுது."

"ஆமா, உங்க வூட்டு சோறு துன்னணும்னா சூரியனோட இல்ல பந்தயம் ஓடணும்."

அண்ணனைவிட ஆறு வயது மூத்தவர் அவர். அந்த 'டா' எங்கள் யாருக்கும் உறுத்தியதில்லை. பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது. அவருக்குச் சோறு கொல்லைப்புறத்தில் இலை போட்டுத்தான்.

அரங்கநாதனின் துப்பாக்கி தாழ்ப்பாள் மாதிரி இழுத்துத் தள்ளும் பழைய ரைபிள். முன்பு எவனோ பொருந்தாத குழாயை முறுக்கி ஏற்றியதில், குழாய் போய்ப் பூட்டிக்கொள்ளும் ரிசீவரின் உள்மரை, அந்தத் திருகுப் பள்ளம், தேய்ந்துபோயிருந்தது. அண்ணன் அதை லேத்தில் மாட்டி மையம் பிடிப்பதற்கே இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மரையைக் கொஞ்சம் பெரிதாகப் புதிதாய் வெட்டி, அந்த அளவுக்குப் புதுக் குழாயில் வெளிமரை கடைந்தார். சதுர்த்தசிக்கு முதல் நாள் சாயங்காலம் குழாயை முறுக்கி ஏற்றியவர் முகம் சுளித்தார்.

"தர்மதாஸ், மரை முழுசா கடிக்கலடா. இப்பிடியே சுட்டா தாங்காது. இன்னொரு தரம் கழட்டணும்" என்று என்னிடம் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் பெரியதம்பி வந்தார். "நாளைக்கு இழுத்துடலாமா?"

"நாளைக்குச் சதுர்த்தசி. இரும்பு தொடமாட்டேன். நாளன்னிக்கி வா."

"சரிங்க. பன்னிங்ககிட்டயும் சொல்லிடறேன், நாளைக்கு எல்லாரும் உபவாசம் இருங்கடான்னு."

மறுநாள் அண்ணன் கோயிலுக்குப் போயிருந்தபோது அரங்கநாதன் வந்தார். இரண்டு இரவில் அரைக் காணி மல்லாட்டையைப் பன்றி கிளறிவிட்டது என்று கத்தினார். மருதேவி அண்ணிக்கு உபவாச நாளில் வீட்டில் துப்பாக்கி இருப்பது கவிச்சி இருப்பது மாதிரி.

"வேல முடிஞ்சிச்சா இல்லியாம்மா?"

"குழாய்தான் மாட்டியிருக்குதே. முடிஞ்சிதான் இருக்கும். எடுத்துக்கினு போங்கண்ணா, இன்னிக்கி இது வூட்ல வேணாம்."

அண்ணி அதை வெறுங்கையால் தொடவில்லை. கோணிப்பையில் சுற்றிக் கொடுத்தாள்.

நான் உள்ளே காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. எழுந்து போய் "வேலை முடியவில்லை" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அரங்கநாதனோடு யார் வாக்குவாதம் செய்வது என்று அடுத்த தாளை எடுத்தேன். அண்ணன் திரும்பி வந்த பிறகும் சொல்லவில்லை. அன்று அவர் பட்டறைப் பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் போலீஸ் விசாரணை அரங்கநாதன் வீட்டில் நடந்தது. நானும் அண்ணனோடு போனேன்.

"குழாயில மண்ணு அடச்சிருந்திருக்கும். பாக்காம தோட்டாவப் போட்டுட்டான். ராத்திரியில இவனுங்க எப்டி இருப்பானுங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார் அரங்கநாதன்.

சப்-இன்ஸ்பெக்டர் அண்ணனிடம் கேட்டார். "உங்க வேலை முடிஞ்சிருந்ததா?"

முடியவில்லை என்றால் யார் எடுத்துக் கொடுத்தது என்ற கேள்வி வரும். அண்ணி ஸ்டேஷன் படி ஏற வேண்டும்.

"முடிஞ்சிருந்தது" என்றார் அண்ணன். என்னை யாரும் கேட்கவில்லை. காவலாளின் கவனக்குறைவு என்று எழுதி வழக்கை முடித்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து பெரியதம்பியின் மனைவி மீனம்பாள் பள்ளிக்கூட கேட்டுக்கு வந்து நின்றாள். அழவில்லை.

"அவரு குடிச்சிட்டு சுட்டாருன்னு ஊரே பேசுது சார். பட்டாளத்துல கத்துக்கினு வந்தாரு, குழாய வெளிச்சத்துல காட்டிப் பாக்காம ஒரு தோட்டா போடமாட்டாரு. லாந்தர்ல காட்டியாவது பாப்பாரு. வேல முடிஞ்சிதுன்னு சொல்லித்தான் நிலக்காரரு அவரு கையில குடுத்தாரு. நெசமாவே முடிஞ்சிதா, பாதியில இருந்திச்சா? அத மட்டும் சொல்லுங்க. தப்பு அவருது இல்லன்னு ஒரு வார்த்த ஊர்ல சொன்னா போதும்."

"மரை விஷயம் எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"உங்களுக்குமா தெரியாது? ஒரே வூட்லதான இருக்கீங்க?"

மணி அடித்துவிட்டது என்று சொல்லி வகுப்புக்குள் போய்விட்டேன். அவள் சாயங்காலம் வரை கேட்டிலேயே இருந்தாள் என்று மறுநாள் பள்ளிக்கூடக் காவல்காரர் சொன்னார். நான் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போயிருந்தேன்.

ஐப்பசியில் அண்ணன் துப்பாக்கி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இத்தனை வருஷம் முகம் கொடுக்காத உறவுக்காரர்கள் வீடு தேடி வந்து, நல்ல காரியம் செய்தாய், குலத்துக்கே நிம்மதி என்றார்கள். அண்ணி எல்லோருக்கும் பாயசம் கொடுத்தாள். பெரியதம்பி பேரை ஒருவரும் எடுக்கவில்லை. அண்ணன் பாயசத்தைத் தொடவில்லை. அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

என்னால் முடிந்தது அதைவிடக் குறைவு. மீனம்பாளுக்காகக் கலெக்டருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். மரை கடிக்கவில்லை என்று அண்ணன் சொன்னது, அண்ணி எடுத்துக் கொடுத்தது, நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது எல்லாம் அதில் இருக்கிறது. தேதி போட்டாகிவிட்டது. மீனம்பாள் போன ஞாயிற்றுக்கிழமையே கைநாட்டு வைத்துவிட்டாள். அதற்குக் கீழே சாட்சி என்று எழுதிய இடத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.