மண்டபத்தின் ஓர அடுப்பு

சமையல் மாஸ்டரின் கரண்டியை வேறு யாரும் தொட முடியாது. அரை ஆள் உயரத்துக்கு இருக்கும். சாம்பார் அண்டாவில் அதைச் சுழற்றும்போது பக்கத்தில் போனால், "அக்கட்ட நில்லுங்கம்மணி, மேல தெறிச்சுப்போடும்" என்பார். சூலூர்ப் பக்கம் கல்யாணம் என்றால் அவர் சமையல்தான். மலையில் மண் சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் புதைந்து, மிஞ்சிய சனங்களை அடிவாரத்துக் கல்யாண மண்டபத்தில் கொண்டுவந்து இறக்கியபோது, நானும் இருந்த எங்கள் கிறிஸ்தவப் பங்குக் கோயில் நிவாரணக் குழு அவரைத்தான் கூப்பிட்டது. பாத்திரம் பண்டங்களோடு அன்றே வந்துவிட்டார்.

இப்போதும் எங்காவது வெள்ளம் என்று போன் வரும். 'மறுபடியுமா' என்றுதான் முதலில் தோன்றுகிறது. இரக்கம் அப்புறம் வருகிறது, அதுவும் முட்டி வலியோடு. நன்கொடை மூட்டையைப் பிரித்தால் கிழிந்த உள்பாவாடையும் ஒற்றைச் செருப்பும். கொடுத்தவர்களுக்கு அதற்கும் ஒரு போட்டோ வேண்டும். சலித்துவிட்டது. மாஸ்டரைக் கூப்பிடலாம் என்றால் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்று மண்டபத்தில், முதல் நாள் அவர் பழக்கதோஷத்தில் கேசரி கிண்டிவிட்டார். முந்திரி வேறு. கட்டிய துணியோடு தப்பிவந்தவர்கள் இலை ஓரத்தில் அதைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். "இங்க கல்யாணமா மாஸ்டர் நடக்குது?" என்று கத்தினேன். "கை தானா செஞ்சுபோடுச்சுங்க" என்று தலையைச் சொறிந்தார். கேசரி நின்றது, உபசாரம் நிற்கவில்லை. வெங்காயம் உரிக்கவாவது வருகிறோம் என்ற பெண்களைக்கூட, "நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறமுங்க" என்று திருப்பி அனுப்பினார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அடுத்தவர் துக்கத்தில் வேறு என்ன செய்யத் தெரியும்? உட்காரவைத்துச் சோறு போடத் தெரியும்.

அங்கே ஒரு பெண் இருந்தார். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து மலைக்கு வாக்கப்பட்டுப் போனவர். அவர் கணவரை இன்னும் மண்ணுக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள். தானே சமைத்துக்கொள்ள ஓர் அடுப்பு வேண்டும் என்று என்னிடம் கேட்டார். தனி அடுப்புக்கு அதிகாரிகள் அனுமதி தரவில்லை என்று சொன்னேன். என்னோடு பேசிப் பயனில்லை என்று நேரே சமையற்கட்டுக்குள் போய்விட்டார்.

மாஸ்டருக்கு ரோசம் வந்துவிட்டது. "ஏனுங்க, நம்ம சமையல்ல ஏதாச்சும் கொறைங்களா?"

"ருசியாத்தானுங்கண்ணா இருக்குது. ஆனா அடுப்புப் பத்தவெக்காம, அடுத்தவிய ஆக்கிக் கொண்டாந்து போடறது எந்த ஊட்லீங்க? எழவு ஊட்லதானுங்களே? எம்பட ஊட்டுக்காரரு சாகலீங்க."

மாஸ்டர் ஓர அடுப்பில் இருந்த ரசப் பாத்திரத்தை இறக்கினார். ஈரத்துணியால் அடுப்பைத் துடைத்தார். "இது உங்களுதுங்கம்மணி" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "ஆபீசருங்க கேட்டா நாஞ் சொல்லிக்கறேன், எம்பட அடுப்புதான அது" என்று என்னையும் அடக்கிவிட்டார்.

அதன்பின் அந்தப் பெண் தினமும் பொங்கினார். ஒரு சின்னச் சட்டிச் சோறு, ஒரு கீரை. தனக்குப் போட்டுக்கொண்டு, கணவருக்கென்று இன்னொரு தட்டில் எடுத்து மூடிவைப்பார். மாலையில் அது நாய்க்குப் போகும். மலையில் தேடிவிட்டு வந்தவர்கள் சொன்னதை நான் கேட்டிருந்தேன். இனி உயிரோடு யாரும் கிடைக்கப்போவதில்லை. "இல்லாத நம்பிக்கையை வளர்த்துவிடறீங்களே மாஸ்டர், இது பொய்யில்லையா?" என்று சண்டை போட்டேன். "சோறு பொங்கறதுல என்னுங்கம்மா பொய்யி?" என்றார்.

ஒரு காலையில் ஜீப் வந்தது. கணவர் உடல் கிடைத்துவிட்டது என்றார்கள். அந்தப் பெண் போய்ப் பார்த்தார். அங்கேயே அடக்கம் நடந்தது.

மறுநாள் பந்தி நடக்கும்போது, குளித்த ஈரத்தலையோடு சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். மாஸ்டர் அவசரமாக ஓர அடுப்பைப் பற்றவைத்துவிட்டு விலகினார். அந்தப் பெண் உள்ளே வந்து, குனிந்து, தானே அதை அணைத்தார்.

"எனக்கும் ஒரு எலை போட்டுருங்கண்ணா. பொறந்த ஊட்ல கொண்டாந்து போட யாருமில்லீங்க."

மாஸ்டர் பந்திக்கு வந்து பரிமாறுகிறவர் இல்லை. அதற்கென்றே பையன்கள் உண்டு. அன்று அவரே இலையைக் கழுவிப் போட்டார், அவரே சோறு எடுத்துவந்தார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அந்தப் பெண் தலை நிமிராமல் முழுவதையும் சாப்பிட்டு எழுந்தார்.

சாயங்காலம் ரசத்துக்கு நேரமாயிற்று. மற்ற அடுப்புகளில் எல்லாம் அண்டா ஏறியிருந்தது, ஓர அடுப்பு சும்மாதான் இருந்தது. பையன் ஒருவன் தீப்பெட்டியோடு போனான். மாஸ்டர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னைக்கு அதைப் பத்தவெக்கக் கூடாது, கண்ணு" என்றார்.